முட்டியை மடக்கினால் மட்டும் போதுமா? நர்ஸ்களின் முதுகுவலிக் கணக்கு

"முதுகை நேரா வெச்சு, முட்டியை மடக்கித் தூக்குங்க." நர்ஸிங் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம் இது. தப்பில்லைதான். ஆனால் அது தரையில் இருக்கும் பெட்டிக்குப் பொருந்தும். நோயாளிக்குக் கைப்பிடி கிடையாது. திடீரென நழுவுவார், பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார். கட்டிலுக்கு மேல் எட்டிக் குனியும்போது முட்டியை எங்கே மடக்குவது?

நோயாளியைக் கையால் தூக்க, சாதகமான சூழலிலேயே சுமார் 16 கிலோதான் வரம்பு என்று 2007-ல் கணக்கிட்டார் அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ். 60 கிலோ நோயாளியை இருவர் தூக்கினாலும் ஆளுக்கு 30 கிலோ. இங்கேயே கணக்கு உதைக்கிறது.

ஆக, இது நர்ஸின் உடல்வாகுப் பிரச்சினை அல்ல, கருவிப் பிரச்சினை. டெக்சாஸ் மாகாணம் 2005-லேயே இதற்குச் சட்டம் போட்டது. நோயாளியைத் தூக்கும் இயந்திரம் வாங்க முடியாவிட்டாலும், தூக்காமலே நகர்த்த உதவும் 'ஸ்லைடு ஷீட்' வெறும் வழுக்குத் துணிதான். உயரம் மாற்றும் கட்டில் இருந்தால் இடுப்பளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் மெஷினுக்குக் கோடிகளைக் கொட்டும் நிர்வாகங்கள், துணி வாங்க யோசித்துவிட்டு, வலி வந்ததும் "நீங்க சரியா குனியல" என்பது என்ன நியாயம்?