முகப்பா, முற்றமா?
(ஹனோய் பழைய நகரின் குழாய் வீடுகள் குறித்துச் சில எண்ணங்கள்)

உலகின் பெருநகரங்கள் பலவற்றில் தெருக்கள் அரசர்களின் பெயரையும் தலைவர்களின் பெயரையும் தாங்கி நிற்கும். வியத்நாமின் தலைநகராகிய ஹனோயின் பழைய நகர்ப் பகுதியிலோ அவை சரக்குகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 'ஹாங்' என்னும் வியத்நாமியச் சொல் விற்பனைப் பொருளைக் குறிப்பது. வெள்ளி விற்ற தெரு ஹாங் பாக். தகர வேலை நடந்த தெரு ஹாங் தியெக். சாயம் ஏற்றிய பட்டு விற்ற தெரு ஹாங் தாவ். 1010ஆம் ஆண்டில் லீ தாய் தோ என்னும் மன்னர் தாங் லோங் என்ற பெயரில் அந்நகரைத் தலைநகராக்கிய பின்னர், அரண்மனைக்கும் செவ்வாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தில் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கைவினைஞர்கள் ஊர் ஊராக வந்து குடியேறினர். ஓர் ஊரார் ஒரு தெருவில், ஒரே தொழிலில் அமைந்தனர். 'முப்பத்தாறு தெருக்கள்' என்பது வழக்கில் நிலைத்துவிட்ட எண்ணே தவிரக் கணக்கன்று. இன்று எண்ணினால் எழுபதையும் தாண்டும்.

இத்தெருக்களில் எழுந்தவையே குழாய் வீடுகள். இரண்டு முதல் நான்கு மீட்டர் அகலமே உள்ள முகப்பு; உள்ளே நுழைந்தாலோ இருபது, நாற்பது, சிலவிடத்து அறுபது மீட்டர் வரை நீளும் ஆழம். முகப்பின் அகலத்தை அளந்து வரி விதித்தமையால் இவ்வாறு குறுகிற்று என்பது வழிவழியாகக் கூறப்படும் விளக்கம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அஃது ஒன்றே போதிய விளக்கமாகாது என்றே கருதுகிறோம். கடைத்தெருவில் ஒவ்வொரு முழ முகப்பும் பொன் போன்றது. எல்லார்க்கும் வாசல் வேண்டுமாயின் எல்லாரும் ஒடுங்கித்தான் நிற்க வேண்டும். மக்கள் பங்கு பிரித்துக்கொள்ளும்போதும் வீடு நீளவாக்கில் பிளவுறுமேயன்றி, தெருவைக் காணாத பின்கட்டை மட்டும் பங்காக ஏற்க எந்த வணிகன் இசைவான்?

இவ்வளவு நீண்ட குடைவினுள் மனிதர் மூச்சு முட்டாமல் வாழ்ந்தது எங்ஙனம் என்பதே நாம் ஆழ்ந்து நோக்க வேண்டியது. முன்னே கடை, அதன்பின் வானம் திறந்த ஒரு சிறு முற்றம், பிறகு வாழும் அறைகள், மீண்டும் ஒரு முற்றம், கடைசியில் சமையற்கட்டும் கழிவிடமும். சுவர்கள் அண்டை வீட்டாரோடு ஒட்டியவை. ஆதலால் பக்கவாட்டில் சன்னலுக்கு வழியில்லை. வெளிச்சமும் காற்றும் மழைநீரும் அம்முற்றங்களின் வழியாகவே இறங்கின. வெயில் ஏற ஏற முற்றத்தின் வெப்பக்காற்று மேலெழும்ப, தெருப்பக்கத்துக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். தொட்டியில் நீரும் ஓரத்தில் செடியும் வைத்தனர். மரச்சட்டகத்தின் மீது ஓட்டுக்கூரை; கடைவாயிலுக்குப் பகலில் கழற்றி இரவில் பொருத்தும் பலகைக் கதவுகள். ஓவியர் புய் சுவான் பாய் (1920–1988) வாழ்நாள் முழுதும் தீட்டியது இக்கூரைகளின் சரிவையும் சுவர்களின் நரைத்த நிறத்தையுமே. ஆனால் அவர் தீட்டியது தெருவிலிருந்து காணும் வீட்டை. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் பலரும் அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டனர் என்பதே நம் குறை.

இவ்வீடுகள் கண்ட துன்பம் சிறிதன்று. 1946 டிசம்பரில் பிரெஞ்சுப் படைக்கு எதிரான போர் மூண்டபோது, தெருவில் தலைகாட்ட இயலாத போராளிகள் வீட்டுக்கு வீடு சுவரைத் துளைத்து வழி செய்துகொண்டு ஏறத்தாழ அறுபது நாள்கள் எதிர்த்து நின்றனர். 1954க்குப் பின் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் நான்கைந்து குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. முற்றத்தின் மீது தகரம் வேய்ந்து அதையும் ஓர் அறையாக்கினர். 1986இல் 'தோய் மோய்' என்னும் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தபின் கையில் காசு புரண்டது. ஓடுகள் இறங்கின, கான்கிரீட் ஏறியது. மூன்று மீட்டர் அகல மனையில் ஐந்தாறு மாடி விடுதிகள் எழுந்தன. போர் தகர்த்ததைவிடச் செழிப்பு தகர்த்தது மிகுதி என்றால் மிகையாகாது.

அரசு வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. பிரான்சின் துலூஸ் நகரத்தின் துணையோடு மா மாய் தெருவின் 87ஆம் எண் வீடு செப்பனிடப்பட்டு 1999இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. 2004இல் பழைய நகர்ப் பகுதி முழுவதும் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மா மாய் வீடு அழகியது. இரு முற்றங்களும் வெளிச்சம் சிந்த, மரம் மெருகேறி நிற்கிறது. ஆனால் அங்கு வாழ்ந்த ஐந்து குடும்பங்கள் வெளியேறிய பின்னரே அந்த அழகு கைகூடிற்று. ஒரு வீட்டை இவ்வாறு காட்சிக்கூடமாக்கலாம். ஒரு தெருவை ஆக்கலாமா?

மறுபக்கம் இன்னும் கடினமானது. சுமார் நூறு ஹெக்டேர் பரப்புள்ள அப்பகுதியில் ஹெக்டேருக்கு 800க்கும் மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்தனர். அதனை 500ஆகக் குறைக்க வேண்டுமென்று, ஆற்றுக்கு அப்பாலுள்ள வியத் ஹுங் பகுதியில் மாடிக்குடியிருப்புகள் அமைத்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம்பெயர்க்கத் திட்டம் வகுத்தனர். திட்டம் தவழ்ந்தே நடந்தது. வியப்பென்ன? காலையில் வாசற்படியில் நூடுல்ஸ் விற்றுப் பிழைக்கும் ஒருத்திக்கு ஆற்றுக்கு அப்பால் ஏழாம் மாடியில் ஒளிமிக்க அறை கிடைத்தால், அறை கிடைக்கும், பிழைப்பு கிடைக்காது. ஆனால் பல குடும்பங்கள் ஒரே கழிவறையைப் பகிர்ந்துகொண்டு இருளில் வாழ்வதைப் 'பழமையின் எழில்' என்று பாராட்டும் பயணிகளின் ரசனைக்கும் நாம் உடன்பட மாட்டோம். அந்த எழிலில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டுப் பாராட்டட்டும்.

எனவே நாம் கேட்பது ஒன்று. இதுகாறும் விதிகளின் கண் முகப்பின்மீதே பதிந்திருக்கிறது: உயரம் இவ்வளவு, ஓடு இத்தகையது, சன்னல் இவ்வடிவினது என்று. முகப்புக்குப் பின்னால் முற்றம் மூடப்படுவதை எவரும் பெரிதாகக் கருதுவதில்லை. பழமைத் தோற்றம் பூசிய முகப்பும் அதன்பின் காற்றில்லாக் கான்கிரீட் பெட்டியுமாக ஒரு வீடு விதியை நிறைவு செய்துவிடுகிறது! அது நாடகத் திரையேயன்றி வீடன்று. குழாய் வீட்டின் உயிர்நிலை முற்றமே. அம்முற்றத்தில் வாழும் ஒன்றிரண்டு குடும்பங்களுக்கு மட்டும், அவர்தம் விருப்பத்தின் பேரில், அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ இடம் தந்தால் எஞ்சியோருக்கு வானமும் காற்றும் மீளும். தீ நேர்ந்தால் தப்ப ஒரு வெளியும் கிட்டும். அனைவரையும் அகற்றுவதைவிட இது செலவு குறைந்தது. வியத் ஹுங்குக்கு அனுப்புவதைவிட எளிதில் இசையத்தக்கது.

தொலைவிலுள்ள ஒரு நகரைப் பற்றி நாம் இத்துணை அக்கறை கொள்வது ஏன் என்று கேட்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கடல் கடந்த தமிழ் முஸ்லிம் துணி வணிகர்கள் அப்பட்டுத் தெருவில் கடை விரித்திருந்தனர். அங்கிருந்து சிறிது தூரத்தில், ஹாங் லுவொக் தெருவில், இந்திய வணிகர்கள் எழுப்பி 1890இல் திறந்த பள்ளிவாசல் இன்றும் தொழுகைக்குத் திறந்திருக்கிறது. குழாய் வீடுகளுக்கு நடுவே அமைந்த அப்பள்ளியின் முன்னும் ஒரு முற்றம் உண்டு; அதை இன்னும் எவரும் தகரம் போட்டு மூடவில்லை.