பாலும் வணிகமும்

1939ஆம் ஆண்டிலே, சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில், டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பதாகும். இனிப்பூட்டிய டின்பாலைச் சிசுக்களுக்கு உகந்ததென விளம்பரஞ் செய்வதைக் கண்டித்த அவ்வம்மையார், அதனால் நேரும் மரணங்களைக் கொலையென்றே கருதல் வேண்டும் என்றார்.

பாலிலே கொலை எங்ஙனம் புகும்? பின்னாளில், ஆசிய ஆபிரிக்க நாடுகள் பலவற்றில், தாதியர் உடை தரித்த விற்பனைப் பெண்கள் தாய்மாரை அணுகிப் பால்மாவை இலவசமாக வழங்கினர். பிள்ளை உறிஞ்சாத முலையிற் பால் வற்றுதல் இயற்கை நியதி. வற்றிய பின்னர் இலவசம் ஏது? விலை கொடுத்தே வாங்கல் வேண்டும். ஏழைத்தாய் ஒரு டின்னைப் பலநாளுக்கு நீட்டக் கருதி நீரை மிகுதியாகக் கலப்பாள், அந்நீரும் தூயதன்று. வயிற்றோட்டமும் மெலிவும் பிள்ளையைக் கொண்டுபோகும். தாயின் அறியாமை என்று கூறிவிடுதல் எளிது. அவ்வறியாமையை முதலாக்கி இலாபங் கண்டவர் யாவர்?

1981இல் உலக சுகாதாரப் பேரவை இவ்வணிகத்துக்கு ஓர் ஒழுக்கக் கோவை வகுத்தது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. ஆயினும், நாடுகள் தத்தம் சட்டமாக்கினாலன்றி அக்கோவை ஏட்டுச் சுரைக்காயே.

தாயை இழந்த சிசுவுக்குப் பால்மா வேண்டியதே; அதனை யாம் மறுக்கவில்லை. தேவையறிந்து விற்பது வணிகம். தேவையை உண்டாக்கி விற்பது வஞ்சகம். தொட்டிலருகே விளம்பரம் நெருங்காது காத்தல் அரசின் கடன், வைத்தியரின் கடனுமாம்.