புது ஓட்டோவும் மூன்று மாதக் கணக்கும்



எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவரின் வாப்பா லீசிங்கில் புது ஓட்டோ எடுத்தார். ஹயர் ஓடவும் அதுதான், லீவு நாளில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போகவும் அதுதான். இரண்டாம் கிழமையே எஞ்சின் சூடேறி நின்றது. வாங்கிய இடத்தில் ஏதோ மாற்றிக் கொடுத்தார்கள். பத்து நாளில் திரும்பவும் நின்றது. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு ஏற்றிப் போய் வருவதற்கே ஒரு கிழமை உழைப்பு போய்விடும். நான்காம் தடவை, "நீங்கள் ஓட்டுகிற முறை பிழை" என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் நான்கு மாதம் முடிந்துவிட்டது. லீசிங் தவணை மட்டும் ஒரு நாளும் பழுதாகி நிற்கவில்லை.

அவர் எங்களிடம் வந்த பிறகுதான் ஆசிரியர் அறையில் இருந்து சட்டத்தை வாசித்தோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 13ஆம் பிரிவு. விற்ற பொருள் உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லையென்றால் அதிகார சபை விசாரிக்கலாம். நட்டஈடு கொடு, மாற்றிக் கொடு, அல்லது காசைத் திருப்பிக் கொடு என்று வியாபாரிக்கு உத்தரவிடலாம். உத்தரவாதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

நல்ல சட்டம்தான். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுது தெரிந்த நாளிலிருந்து அல்ல, விற்ற நாளிலிருந்து மூன்று மாதம்! அந்த மூன்று மாதத்தையும் "கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்று சொல்லியே கடத்திவிடலாம். மின்விசிறிக்கு இந்தக் காலம் போதும். வாகனத்துக்கு எப்படிப் போதும்?

சிங்கப்பூரில் 2012 செப்டெம்பரிலிருந்து, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் வேலை. இங்கே எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் கொம்பனியோடு வாதாட வேண்டும்.

குறையை மறைத்து விற்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை எங்கள் மார்க்கச் சட்டத்தில் எத்தனையோ நூற்றாண்டுகளாக இருக்கிறது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் மத்ரசாப் பிள்ளைக்கும் தெரியும். வாகனம் விற்கிறவர்களில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாவித்த வாகனம் வாங்குகிறவர்களின் நிலை இன்னும் மோசம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. இடையில் பழைய வாகனத்துக்குத் தங்க விலை. ஓப்பின் பேப்பரில் வாங்கியவர்களிடம் தங்கள் பெயரில் ஒரு துண்டுகூட இல்லை. அயலவரிடம் வாங்கினால் 13ஆம் பிரிவும் உதவாது, அது வியாபாரிகளுக்கும் உற்பத்தியாளர்களுக்கும்தான்.

வாகனங்களுக்கு இந்தக் காலத்தை ஒரு வருடமாக்க வேண்டும். முறைப்பாடு விசாரணையில் இருக்கும்போது லீசிங்காரர் வாகனத்தைத் தூக்கக் கூடாது. எங்கள் மாவட்ட எம்பிமார் இதைப் பாராளுமன்றத்தில் கேட்கட்டும்.

அதுவரை, வாங்கும்போது பில் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கராஜுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் திகதி போட்ட துண்டு வாங்குங்கள். முதல் தடவை பழுதானவுடனேயே முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள், திருத்த வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். விசாரிக்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

அந்த வாப்பாவுக்கு 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடும் வழி இன்னும் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வேண்டிய காசுதான் மாதாமாதம் தவணைக்குப் போகிறது.