பத்து நாள் குழந்தைக்கு போட்டோவா? எடுங்க, ஆனா...



எங்க போத்தனூர் பக்கம் கட்டுச்சோறு விருந்துக்குப் போனால் முன்னெல்லாம் ரெண்டே பேச்சுதான். எந்த ஆஸ்பத்திரி? அம்மா வீட்டில் எத்தனை மாசம்? இப்போ மூணாவதாக ஒண்ணு சேர்ந்திருக்கு. "குழந்தை பிறந்ததும் போட்டோ ஷூட்டுக்கு யாரைச் சொல்லி வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். பிரசவ தேதிக்கு டாக்டர் நாள் குறிக்கும்போதே போட்டோகிராபரும் நாள் குறித்து விடுகிறார். கூடை, கம்பளி நூல் தொப்பி, முயல் காது, முத்து மாலை எல்லாம் அவரே கொண்டு வருவாராம். சில ஆயிரத்தில் ஆரம்பித்து எங்கேயோ போகிறது கணக்கு.

நான் இதற்கு எதிரி இல்லை. அதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஆனால் பெரியவங்க ஒரேயடியாக "வேண்டாம்" என்கிறதும், சின்னவங்க ஒரேயடியாக "எல்லாரும் எடுக்கிறாங்க" என்கிறதும், நடுவில் ஒரு பச்சை மண்ணும் அதைப் பெத்து தையல் வலியோடு படுத்திருக்கிற ஒரு பொண்ணும் மாட்டிக்கொள்கிறதும்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

"போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்" என்று பெரியவங்க சொல்வதைக் கேட்டுச் சிரிக்கிறோம். அது எங்கிருந்து வந்தது என்று யோசிச்சுப் பாருங்க. இந்தியாவில் 1971-ல்கூட ஆயிரம் குழந்தை உயிரோடு பிறந்தால் 129 குழந்தை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின காலத்தைக் கேட்கவே வேண்டாம். அந்த பயத்தில்தானே குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்தார்கள், தவிட்டுக்கு விற்று வாங்கினார்கள், குப்பன், குப்பாயி, பிச்சை என்று பேர் வெச்சார்கள்? எமன் கண்ணுக்கு நம்ம பிள்ளை அழகாகத் தெரியக்கூடாது என்று கன்னத்தில் கரும்பொட்டு வெச்ச ஜனம், அதை அலங்கரித்து படம் பிடிக்க எப்படி சம்மதிக்கும்?

எங்க அம்முச்சிக்கு ஏழு பிரசவம். ரெண்டு தங்கவில்லை. அதில் ஒரு ஆண் குழந்தை இருபத்தி சொச்சம் நாள் இருந்திருக்கிறான். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் அவரிடம் கேட்டேன், அவன் யார் ஜாடை என்று. முறத்தில் கையை வெச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தலை நிறைய முடி கண்ணு. மூஞ்சி இப்ப நெனப்புல வர மாட்டீங்குது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு படம் இருந்திருந்தால் என்று எனக்குத்தான் தோன்றியது.

இந்த வலி எல்லா ஊரிலும் ஒண்ணுதான் போல. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் 2005-ல் ஒரு தொண்டு அமைப்பு ஆரம்பித்தார்கள். குழந்தையை இழந்த ஒரு தாயும் ஒரு போட்டோகிராபரும் சேர்ந்து தொடங்கியது. இறந்து பிறந்த, பிறந்து சில மணி நேரமே இருந்த குழந்தைகளை ஆஸ்பத்திரிக்கே வந்து காசு வாங்காமல் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதனால் "சின்னக் குழந்தையைப் படமே எடுக்கக் கூடாது" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2020 கணக்குப்படி நாட்டில் அந்த 129 என்பது 28 ஆகக் குறைந்திருந்தது. நம்ம தமிழ்நாட்டில் 13. தவிட்டுக்கு விற்க வேண்டிய காலம் போச்சு.

ஆனால் போகாதது ஒண்ணு இருக்கு. ஒரு வயசுக்குள் போகிற குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் 28 நாளுக்குள்தான் போகின்றன. அதனால்தான் மத்திய அரசு 2011-ல் கொண்டு வந்த திட்டத்தில், ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையையும் வீடு தேடிப் போய் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் ஆஷா பணியாளர் பார்க்கணும் என்று நாள் குறித்தார்கள். போட்டோகிராபர் கேட்கிற நாள் எது தெரியுமா? ஐந்திலிருந்து பதினாலு நாளுக்குள். அந்த வயசில்தான் குழந்தை வயித்தில் இருந்த மாதிரியே சுருண்டு படுக்கும், அசந்து தூங்கும், எப்படி மடிச்சாலும் மடியும். அவருக்கு வசதியான நாளும் குழந்தைக்கு நாம் ரொம்ப கவனமாக இருக்க வேண்டிய நாளும் ஒண்ணாக வந்து நிற்கிறது. விஷயமே இதுதான்.

போன வருஷம் ஆடி மாசம் எங்க தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஆடியில் எங்க ஊர் எப்படி இருக்கும் என்று கோவைக்காரங்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து கதவை எல்லாம் அடிச்சுத் தள்ளும். குழந்தைக்கு ஒன்பது நாள். காலையில் பத்து மணிக்கு ஆரம்பித்தார்கள். ஒரு மணி ஆகியும் முடியவில்லை. துணியை மாத்து, தொப்பியை மாத்து, கூடையை மாத்து. குழந்தை முழிச்சு அழும்போதெல்லாம் வாயில் ரப்பர் நிப்பிள். பாலுக்கு அழுகிற குழந்தைக்கு, "தூக்கம் கலைஞ்சிடும் அக்கா, இன்னும் ரெண்டே போஸ்" என்று பதில். பெத்தவள் பேசவில்லை. மாமியார் வீட்டுக்காரங்க பணம் கட்டினது, எப்படி நிறுத்தச் சொல்வாள்? கடைசியில் அவளுடைய அம்முச்சி வந்து குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். "ஏனுங் தம்பி, வயிறு சூடா இருக்குது, காலு சில்லுன்னு கெடக்குது. போதுமுங்க, அக்கட்ட எடுத்து வெய்யுங்க" என்று குழந்தையை அள்ளி பேத்தியின் நெஞ்சோடு போட்டு மூடினார். அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் டாக்டர்கள் சொல்வதும் அதேதான். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லிட்டிருந்தால், குழந்தைக்குக் குளிர் தாக்க ஆரம்பிச்சாச்சு என்று அர்த்தம். பாதமும் வயிறும் ரெண்டுமே சில்லிட்டால் ஆபத்து. உடனே தோலோடு தோலாக அம்மா நெஞ்சில் போட்டு மூடிக்கொண்டு டாக்டரிடம் ஓடணும்.

குழந்தை பிறக்கிற அறையே 25-லிருந்து 28 டிகிரி வெப்பம் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். துணி இல்லாமல் படம் எடுக்கிற அறை அதைவிடக் குளிராக இருக்கலாமா? ஃபேன், ஏ.சி. நிறுத்தி, ஜன்னலில் காத்து வராமல் பார்த்துக்கணும். அதற்காக ஹீட்டரைப் பக்கத்தில் வெச்சு வாட்டவும் கூடாது. உடம்பு சிவந்து வேர்த்தால் அதுவும் கெடுதல்.

அடுத்தது அந்த போஸ்கள். 1990-களில் டாக்டர் அறைகளிலும் காலண்டரிலும் முட்டைக்கோசுக்குள் ஒரு குழந்தை, பூந்தொட்டிக்குள் ஒரு குழந்தை என்று படம் பார்த்திருப்பீங்களே! ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் பேர் வாங்கிய ஆன் கெடஸ் என்ற அம்மாள் எடுத்தது அந்த மாதிரிப் படங்கள். 1996-ல் வந்த அவருடைய புத்தகம் உலகமெல்லாம் பிரபலம். மாசமாக இருக்கிறவள் பார்க்கட்டும் என்று நம்ம வீட்டுச் சுவரிலும் அந்த மாதிரி குழந்தைகள் சிரிச்சுக்கிட்டு இருந்தன. இப்போ நம்ம ஊர் கூடையும் தொப்பியும் அந்த வழியில் வந்தவைதான்.

அதில் ஒண்ணு தவளை போஸ். குழந்தை குப்புறப் படுத்து, ரெண்டு கையையும் கன்னத்தில் ஊன்றி, பெரிய மனுஷன் மாதிரி யோசிச்சுக்கிட்டு இருக்கும். பிறந்த குழந்தைக்கு உடம்பு நீளத்தில் கால்வாசி தலையே. கழுத்து நிற்காது. அது எப்படிக் கை ஊன்றி உட்காரும்? உட்காராது! முறையாகச் செய்கிறவர்கள் ஒரு படத்தில் தலையை ஒருத்தர் பிடிச்சிருக்க எடுப்பார்கள், இன்னொன்றில் மணிக்கட்டைப் பிடிச்சிருக்க எடுப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் ரெண்டையும் ஒட்டி, பிடிச்ச கைகளை அழிச்சு விடுவார்கள். மரக்கிளையில் துணி கட்டித் தொங்குகிற மாதிரி வருகிறதும் அப்படித்தான். குழந்தை கீழே மெத்தையில் பத்திரமாக இருக்கும், கிளை பிறகு வரும். இது தெரியாமல் பார்த்த படத்தை அப்படியே நம்பி நிஜமாகவே குழந்தையை நிறுத்தப் பார்த்தால், தாடை நெஞ்சில் இடிச்சு மூச்சுக்குழல் மடங்கிப் போகும். சத்தம்கூட வராது.

ஆகவே நாள் குறிக்கும் முன் போட்டோகிராபரிடம் கேளுங்க. அந்த போஸ் எப்படி எடுப்பீங்க? குழந்தை பக்கத்திலேயே கை வெச்சுக்கிட்டு இருக்க ஆள் வருமா? போன வீட்டுக் குழந்தைக்குச் சுத்தின துணியைத் துவைச்சீங்களா? இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் நாளைத் தள்ளி வெப்பீங்களா? கூச்சப்பட வேண்டாம். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசி நம்ம நாட்டில் ஆறாவது வாரத்தில்தான் முதல் ஊசி. அதுவரை குழந்தைக்கு நாம்தான் வேலி. பதில் சொல்ல முகம் சுளிக்கிறவர் என்றால் அவர் வேண்டாம். எங்க குழந்தை படத்தை உங்க விளம்பரத்துக்குப் போடக்கூடாது என்றால் அதையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கணும். பிறகு வாட்ஸ்அப்பில் யார் யாரோ அனுப்பினதைப் பார்த்து வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?

தொப்புள்கொடி விழாத குழந்தையை எடுக்கலாமா என்று கேட்பாங்க. எடுக்கலாம். இறுக்கிச் சுத்தாமல், அது காய்ந்தபடி இருக்கணும், அவ்வளவுதான். படத்தில் தெரியக்கூடாது என்று பவுடர், எண்ணெய் எதுவும் வைக்காதீங்க. துணி சுத்தும்போது கால் ரெண்டும் உள்ளே மடங்கி அசைய இடம் இருக்கணும். நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். நம்ம தூளியில் குழந்தை கால் மடக்கித்தானே கிடக்கும்? கண்ணுக்குள் மை வேண்டவே வேண்டாம், பொட்டு பாதத்தில் வெச்சாலும் கண்ணேறு கழியும்! அழுகையை நிறுத்த நாக்கில் தேன் தொட்டு வைக்கிறதும் கூடாது. ஒரு வயசு வரை தேன் ஆகாது. பால் கேட்டால் பால், எத்தனை தடவை கேட்டாலும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். மூணு மணி நேரத்தில் குறைஞ்சது ஒரு தடவையாவது கேமரா காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்.

இன்னொரு விஷயம் யாரும் யோசிக்கிறதில்லை. எடுத்த படத்தில் குழந்தையின் மஞ்சள் நிறம், தோல் உரிசல், மூக்கில் இருக்கிற வெள்ளைப் பொட்டு எல்லாவற்றையும் துடைச்சு ரோஜாப்பூ மாதிரி ஆக்கிக் கொடுக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மஞ்சள் காமாலை எட்டிப் பார்ப்பதும் இதே முதல் வாரத்தில்தான். படத்தில் பளிச்சென்று இருக்கிறதே என்று இருந்து விடாதீங்க. பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வெச்சு உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாக இருக்கா என்று பாருங்க. இருந்தால் போட்டோவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நேராக டாக்டர்தான்.

அப்புறம் அம்மா. எத்தனை ஆல்பம் பார்த்தாலும் குழந்தை இருக்கு, கூடை இருக்கு, அப்பா உள்ளங்கையில் பிஞ்சுப் பாதம் இருக்கு. பெத்தவள் எங்கே? "நைட்டியில இருக்கேன், முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு, நான் வேண்டாங்க்கா" என்று அவளே ஒதுங்கிக் கொள்கிறாள். சிசேரியன் ஆனவளை மூணு மணி நேரம் பட்டுப்புடவை கட்டி உட்கார வைக்கிறது கொடுமை. ஆனால் படுத்தபடியே, போர்வையோடு, நெஞ்சில் குழந்தையோடு ஒரு படம் எடுக்க அலங்காரம் எதற்கு? மொத்தத்தையும் அவள் கண்ணயரும் நேரம் விட்டு, ஒரு மணி நேரத்துக்குள் முடித்து விடுங்க. குளிப்பாட்ட வருகிற பாட்டியையும் ஒரு படத்தில் சேர்த்துக்கங்க. நாளைக்கு குழந்தை கேட்கும், இது யாரு என்று.

காசு இல்லாதவங்க ஏங்க வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குக் கிழக்கு ஜன்னலில் நேர் வெயில் படாத வெளிச்சம் போதும். டியூப் லைட்டை அணைச்சிடுங்க. துவைச்ச பழைய வேட்டித் துணியைக் கட்டில் நடுவில் விரிச்சு, பால் குடிச்சுத் தூங்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வெச்சு, செல்போன் கண்ணாடியை முந்தானையில் துடைச்சுக்கிட்டு, வெளிச்சம் தலைப்பக்கமிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழும்படி எடுங்க. ஒரு கை எப்பவும் குழந்தை பக்கத்தில் இருக்கட்டும், படத்தில் விழுந்தாலும் பரவாயில்லை. முழுக் குழந்தையையும் எடுக்கணும் என்றில்லை. அருணாக்கயிறு, வசம்பு வளையல், மூடின கை, காது மடலில் இருக்கும் பூனை முடி. வசம்பு வளையலை மட்டும் படம் எடுத்ததும் கழட்டி வெச்சிடுங்க, வாயில் போகக் கூடாது.

எடுத்ததைப் போனிலேயே விட்டு வைக்காதீங்க. போன் தண்ணியில் விழும், மாத்துவோம், தொலைப்போம். நாலு படமாவது கடையில் கொடுத்து பிரிண்ட் போடுங்க. பின்னால் பென்சிலால் தேதி, எத்தனாவது நாள், அன்னிக்கு எத்தனை கிலோ, கூட யார் யார் இருந்தாங்க என்று எழுதுங்க. பசை ஒட்டுகிற ஆல்பம் வேண்டாம், சில வருஷத்தில் படம் அதோடு ஒட்டிக்கிட்டு உரிக்கும்போது கிழியும். மூலையில் சொருகுகிற ஆல்பமாகப் பார்த்து வாங்குங்க.

— ஒரு இல்லத்தரசி, போத்தனூர், கோவை.