செட்டுக்குக் காவல் குழந்தையா?

பங்குனி மாதம் பண்ணாரிக்குப் போயிருந்தோம். கோபியிலிருந்து என் நங்கை (அண்ணியை எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அவங்க காரிலேயே வந்திருந்தாங்க. தேங்காய் பழக் கூடையை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒட்டுக்கா நடக்க ஆரம்பித்தோம். திரும்பிப் பார்த்தால் எட்டு வயது மகள் மட்டும் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். "ஏன் கண்ணு, இறங்கலையா?" என்றேன்.

"அம்மா இங்கியே இருக்கச் சொல்லுச்சுங்க அத்தை. செட்டுக்குக் காவல்."

மணி பதினொன்று. பங்குனி வெயில். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

நங்கையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கு முந்தின ஐப்பசியில் அவங்க பட்ட பாடு அப்படி. சத்தியில் ஒரு சந்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனவர்கள், அரை மணியில் திரும்பி வந்து பார்த்தால் இடதுபக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. டாஷ்போர்டில் செட் இருந்த இடத்தில் ஒரு பொந்து. அதிலிருந்து நாலு ஒயர் தொங்குகிறது. கம்பெனியில் வந்த செட் இல்லை. பழைய வண்டிக்குப் பிறகு வாங்கி மாட்டிய டச் ஸ்கிரீன் செட். பாட்டும் அதில்தான், வழி காட்டும் மேப்பும் அதில்தான். கூடவே சீட்டில் கிடந்த கைப்பையும் போய்விட்டது. அதற்குள் வீட்டுச் சாவி.

பணம் போனதைவிட அண்ணனை அன்று ராத்திரி தூங்கவிடாமல் செய்தது வேறு விஷயம். அந்த மேப்பில் 'வீடு' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொட்டால் வீட்டு வாசல் வரைக்கும் வழி சொல்லும். செட் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கும் சொல்லும். சாவியும் அவனிடம்! ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பூட்டை மாற்றினார்கள். அந்தப் பயம்தான் பங்குனியில் குழந்தையைக் காவலுக்கு உட்கார வைத்தது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 10 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். வெளியே 37 என்றால் உள்ளே சீக்கிரமே 47. கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அதனால் பெரிதாகக் குறைவதில்லை. குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். வியர்த்து, முகம் சிவந்து, அப்புறம் துவண்டு தூங்குவதுபோல் ஆகிவிடும். பார்ப்பவர்கள் தூங்குகிறது என்றே நினைப்பார்கள். "ஏ.சி. போட்டுத்தான் வைத்தோம்" என்பார்கள் சிலர். ஓடுகிற எஞ்சினும் மாட்டிய சாவியும் உள்ளே ஒரு குழந்தையும் இருந்தால் என்னென்ன நடக்கலாம் என்று தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முட்டி வலிக்கிற அம்மாயியையும் அப்படி உட்கார வைக்கக் கூடாது. திருடன் வந்தால்தான் அவர்கள் என்ன செய்ய முடியும், பாவம்?

சரி, குழந்தையை இறக்கியாயிற்று. செட்டை யார் காப்பது?

திருடனுக்கு நேரம் கிடையாது. ஒவ்வொரு வண்டியாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். நடந்துகொண்டே கண்ணாடி வழியாகப் பார்ப்பான், பளபளவென்று ஏதாவது தெரிந்தால் நிற்பான். ஆகவே அவன் கண்ணில் எதுவும் படாமல் இருப்பதுதான் பெரிய காவல். போன் ஸ்டாண்டைக் கழற்றி உள்ளே வைத்தால் மட்டும் போதாது. அதன் ரப்பர் ஒட்டியிருந்த வட்டத் தடம் முன்கண்ணாடியில் பதிந்திருக்கும். 'வழி காட்டும் கருவி உள்ளேதான் இருக்கிறது' என்று அந்த வட்டமே சொல்லிக் கொடுத்துவிடும். முந்தானையால் ஒரு துடை துடைத்தால் போகிற விஷயம். சார்ஜர் ஒயர் தொங்குவதும் அப்படித்தான். கைப்பை, புடவைக் கடைப் பை, டிபன் கேரியர்கூட சீட்டில் இருக்கக் கூடாது. அதற்குள் சாம்பார் சாதம் இருப்பது நமக்குத்தானே தெரியும்!

பொருளை டிக்கியில் வைப்பது நல்லதுதான். ஆனால் வண்டியை நிறுத்திய இடத்தில், பத்துப் பேர் பார்க்க டிக்கியைத் திறந்து வைக்காதீர்கள். புறப்படும்போதே வைத்துவிட வேண்டும். சந்தை விட்டு, நாலு பேர் நடமாடும் வெளிச்சமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். பத்து ரூபாய் பார்க்கிங் கட்டணத்துக்குக் கஞ்சப்பட்டு இருட்டில் கொண்டு போய் நிறுத்துகிற ஆண்களை எல்லார் வீட்டிலும் பார்க்கலாம். எங்கள் வீட்டிலும் ஒருவர் உண்டு.

திம்பம் வழியாகக் கர்நாடகம் போகிறவர்களுக்கு ஒன்று. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, அந்தக் காட்டு வழியில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. வண்டிகள் விடியும் வரை காத்து நிற்பது உண்டு. காற்றுக்காகக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, போனை ஸ்டாண்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்து விடாதீர்கள். கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். மேலே இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. வழியில் சிக்னல் கிடைப்பதும் போவதுமாக இருக்கும். வீட்டிலேயே மேப்பை இறக்கி வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

காரில் ரேடியோ என்பது ஒன்றும் புதுசல்ல. மோட்டரோலா என்ற பெயரே அமெரிக்காவில் 1930-ல் கார் ரேடியோவுக்கு வைத்த பெயர். கார் ரேடியோ பெருகியபோது அதைத் திருடுவதும் பெருகியது. 1980-களில் நியூயார்க் நகரத்தில் 'ரேடியோ இல்லை' என்று அட்டையில் எழதிக் கார்க் கண்ணாடியில் மாட்டி வைத்தார்களாம். நம்ம ஊரில் 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு மாதிரி! பிறகு, செட்டையே உருவிக் கையோடு கொண்டுபோகும் மாடல் வந்தது. அதற்கப்புறம் முன்பக்கத் தகடு மட்டும் கழன்று வரும் மாடல். தகடு இல்லாத செட் வெறும் டப்பா. இப்போதும் இந்த வகை கிடைக்கிறது. பழைய காருக்குப் பாட்டு மட்டும் போதும் என்றால் இதையே வாங்கச் சொல்வேன். ஆனால் கழற்றிய தகட்டைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனால், திருடனுக்கு நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி.

சில செட்டுகளுக்கு ரகசிய எண் உண்டு. பேட்டரி இணைப்பை எடுத்து மறுபடி கொடுத்தால் அந்த எண்ணைக் கேட்கும். திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அந்த எண் அச்சிட்ட அட்டையை வண்டிப் புத்தகத்தோடு காருக்குள்ளேயே வைத்திருப்பார்கள் பலர். எடுத்து வீட்டு பீரோவில் வையுங்கள். புதுக் கார்களில் கம்பெனியே பொருத்தி வரும் திரைகள் பெரும்பாலும் அந்த வண்டிக்கென்றே அமைந்தவை. வேறு வண்டியில் மாட்டுவது சிரமம் என்பதால் திருடனுக்கும் அதில் அவ்வளவு ஆசை இருப்பதில்லை. கவலைப்பட வேண்டியவர்கள் பிறகு வாங்கி மாட்டியவர்களும், டாக்ஸி, வேன் ஓட்டுகிறவர்களும்தான். எங்கள் தெருவில் பூ ஏற்றிப் போகிற வேன்காரருக்குப் போன்தான் மேப், போன்தான் கல்லாப்பெட்டி. அது போனால் அன்றைக்கு அடுப்பு எரியுமா என்று அவர் சம்சாரத்தைத்தான் கேட்க வேண்டும்.

மேப்பில் 'வீடு' என்ற இடத்தில் உங்கள் வாசலைக் குறிக்காதீர்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோயிலையோ பஸ் ஸ்டாப்பையோ குறித்து வையுங்கள். அங்கிருந்து வீட்டுக்கு வழி தெரியாதவர் நம்மில் யாரும் இல்லை. இதை இன்றைக்கே செய்யலாம், காலணாச் செலவில்லை.

மீறித் திருட்டு நடந்துவிட்டால்? எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். 100-க்கோ 112-க்கோ பேசுங்கள். ஸ்டேஷனில் மனு ரசீது ஒன்று தருவார்கள், அதோடு திரும்பிவிடாதீர்கள். இன்சூரன்ஸ்காரர் கேட்பது முதல் தகவல் அறிக்கை. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பாரதிய நியாய சம்ஹிதையில், அதாவது 2024 ஜூலையிலிருந்து நடப்பிலுள்ள சட்டத்தில், சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஆளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் ஏழு ஆண்டு வரை. டாக்ஸிக்காரர்களும் வேன்காரர்களும் இதைச் சொல்லிக் கேட்கலாம். போன போனை முடக்க அதன் ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் தெரியும் அந்த எண்ணைப் போன் கையில் இருக்கும்போதே குறித்து வைக்க வேண்டும். செட்டின் சீரியல் எண்ணும் அப்படித்தான். பில்லோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்சூரன்ஸில் நங்கைக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. அவங்களிடம் இருந்தது மூன்றாம் நபர் பாலிசி மட்டும். முழு பாலிசி இருந்தாலும், பிறகு மாட்டிய செட்டைத் தனியாக எழுதிச் சேர்த்திருக்க வேண்டும். பழைய கட்டண முறையில் அதற்கு மதிப்பில் நூற்றுக்கு 4 ரூபாய் கூடுதல். இப்போது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கைப்பையும் போனும் வண்டி பாலிசியில் வரவே வராது. இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்து வருஷம் எதுவும் கேட்காமல் இருந்தவர்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி கிடைக்கும். ஒருமுறை கேட்டால் அது போய்விடும். எட்டாயிரம் பிரீமியத்தில் நாலாயிரம் கட்டிக்கொண்டிருந்தவர் மறு வருஷம் எட்டாயிரமும் கட்ட வேண்டும். ஆறாயிரம் ரூபாய் செட்டுக்கு, நாம் ஏற்க வேண்டிய முதல் ஆயிரமும் தேய்மானமும் போகக் கையில் வருவதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டாருக்கு இது முக்கியம். பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு கொட்டினாற்போல் சிதறும். பார்க்கவும் கற்கண்டு மாதிரியே இருக்கும். தவழ்கிற பிள்ளை எடுத்து வாயில் போட்டுவிடும். கையால் வாராதீர்கள். சீட்டு இடுக்கு, பெல்ட் செருகும் துளை, ஏ.சி. வாய் எல்லாவற்றையும் வாக்குவம் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, சப்பாத்தி மாவு உருண்டையால் ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத தூளெல்லாம் அதில் ஒட்டும். மாவை நாய், கோழி தின்னாதபடி பொட்டலமாகக் கட்டிப் போடுங்கள். இரண்டு தடவையாவது செய்த பிறகே பிள்ளையை உட்கார வையுங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரரும் பாதி விலைக்கு ஒரு டேப் செட் வாங்கி வந்தார். பில் இல்லை. உள்ளே ஒரு கேசட் சிக்கியிருந்தது. மாட்டி ஓடவிட்டதும், யாரோ ஒரு குழந்தை மழலையில் குறள் ஒப்பிக்கிறது; நடுவில் தப்பினால் ஒரு பெண் குரல் எடுத்துக் கொடுக்கிறது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் அவரே அதைக் கழற்றிக்கொண்டு போனார். பில் இல்லாமல் விற்கிறான் என்றால் என்ன என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரியாதா என்ன? திருட்டுப் பொருள் என்று நினைக்கக் காரணம் இருந்தும் வாங்கினால் அதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆடியில் மறுபடி நங்கையோடு பவானிசாகர் போனோம். வண்டி நின்றதும் முதலில் இறங்கியது அந்தப் பொடுசுதான். நாலு பக்கமும் சுற்றி வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க பை சீட்டுலயே கிடக்குதுங்க" என்றாள்.