பச்சை வேண்டாம், சிவப்பே போதும்

தீபாவளிக்காகச் சிராங்கூன் சாலை ஒளிரத் தொடங்கியதும், வீட்டுச் சுவரிலும் லேசரால் கோலம் போட மாணவர்கள் சிலருக்கு ஆசை வரும். நல்ல ஆசைதான். தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், சிம் லிம் டவரில் சிறிய மோட்டார்கள் கிடைக்கும்.

ஆனால், பளிச்சென்று தெரிகிறது என்பதற்காகப் பச்சை லேசரைத் தேடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அமெரிக்காவின் ‘நிஸ்ட்’ ஆய்வகம் 122 கை லேசர்களைச் சோதித்து 2013ல் முடிவுகளை வெளியிட்டது. பச்சைக் கருவிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன. சிவப்பில் 44 விழுக்காடு. மலிவான பச்சைக் கருவிகள் சிலவற்றில் அகச்சிவப்புக் கதிரும் கசியும். அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் இமை தானாக மூடாது, விழித்திரை பாதிக்கப்படும்.

கோலத்தின் அழகு ஒளியின் பலத்தில் இல்லை, கண்ணாடியின் அசைவில் இருக்கிறது. கண்ணாடி ஒரு பாகை சாய்ந்தால் கதிர் இரண்டு பாகை திரும்பும். அப்படிச் சாய்த்து மோட்டார் அச்சில் ஒட்டிய சிறு கண்ணாடி, 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் சுமார் 20 செ.மீ. அகல வட்டம் வரையும். இரண்டாவது மோட்டார் அந்த ஒளிப்புள்ளியை எதிர்த்திசையில், இருமடங்கு வேகத்தில் சுற்றவைத்தால் மூன்றிதழ்ப் பூ! 1850களில் பிரான்சின் லிசாஜு, இசைக்கவைகளில் கண்ணாடி பொருத்தி இத்தகைய வளைவுகளை வரைந்தபோது லேசரே கிடையாது.

ஆகவே, 1 மில்லிவாட்டைத் தாண்டாத வகுப்பு 2 சிவப்பு லேசரும் இருட்டறையும் போதும். முத்திரை இல்லாத கருவியை வாங்குவதைவிட, பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். வகுப்பு 3பி, 4 லேசர்களுக்குத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும். சன்னல் பக்கம் மட்டும் திருப்பவேண்டாம். எதிர் புளோக்கிலும் கண்கள் இருக்கின்றன.