படித்தவர் சொல்லட்டும்



நூலுக்கு முன்னுரை எழுதுபவர் அறிஞர். மதிப்புரை எழுதுபவர் புலவர். ஆனால் விலை கொடுத்தோ இரவல் பெற்றோ அதனைப் படித்து முடிக்கின்ற வாசகரின் கருத்தைக் கேட்பார் அரியர். எனவே எங்கள் பங்கு நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். நூலைத் திருப்பித் தருபவர் அதில் நான்கு வரியேனும் எழுதவேண்டும். "நன்று", "சுமார்" என்னும் ஒற்றைச்சொல் தீர்ப்புகளுக்கு அங்கே இடமில்லை, காரணம் காட்டவேண்டும். இம்மாதம் அவ்வேட்டின் சில பக்கங்களை உங்கள் முன் விரிக்கின்றேன்.

முதலாவது, 'பிரதாப முதலியார் சரித்திரம்'. மாயவரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை எழுதி 1879-இல் அச்சேறிய இந்நூலே தமிழின் முதல் நாவல் என்பர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "கதையைவிட அறிவுரை மிகுதி, ஆயினும் ஞானாம்பாளின் அறிவுத்திறம் வியக்க வைத்தது" என்று எழுதியுள்ளார். அதன்கீழ்க் கல்லூரி மாணவி ஒருவர், "பெண் ஒருத்தி ஆண்வேடம் பூண்டால்தான் நாடாள முடியுமா?" என்று கேட்டுள்ளார். பெண்கல்விக்காக வாதாடியவர் வேதநாயகர். இக்கேள்வியை அவரே மகிழ்ந்து வரவேற்றிருப்பார் அல்லவா?

அடுத்து, 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்'. "இரவு இரண்டு மணி வரை விளக்கை அணைக்க மனம் வரவில்லை" என்கிறார் ஒரு குடும்பத்தலைவர். "மின்கட்டணம் யார் கட்டுவது?" என்று அதன் ஓரத்தில் எழுதியவர் யாரென நான் விசாரிக்கவில்லை! வேறொருவர், "ஐந்து பாகம் படித்தும் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யாரென ஐயம் தீரவில்லை" என்று குறைப்படுகின்றார். அக்கொலையில் தொடர்புடையோர் சிலரின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டுக் கூறுகின்றது. கொலையின் காரணத்தையோ கூறவில்லை. கல்வெட்டு வாய்மூடிய இடத்தில்தான் கதாசிரியர் வாய்திறக்கின்றார். வரலாறு எது, கற்பனை எது என்று பிரித்தறிந்து சுவைப்பது நம் கடமை.

மூன்றாவது, 'கரிப்பு மணிகள்'. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை நேரில் சென்று கண்டு எழுதிய நாவல், 1979-இல் வெளிவந்தது. அப்பகுதியிலிருந்து எங்கள் ஊருக்கு மணமாகி வந்த தாய் ஒருவர், எழுத்துப் பிழைகளோடு எழுதியது இது: "கண் கூசும் வெயிலைச் சரியாக எழுதியிருக்கிறார். எங்கள் ஆச்சியின் கால் வெடிப்பை இதில் பார்த்தேன். என் மகளையும் படிக்கச் சொன்னேன்." இதைவிடச் சிறந்த மதிப்புரையை நான் கண்டதில்லை.

இறுதியாக, சற்றே சூடான பக்கம். பாமா எழுதிய 'கருக்கு' 1992-இல் வெளிவந்தது. துறவற சபையில் சேர்ந்து பின்னர் வெளியேறிய தலித் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவரின் தன்வரலாறு அது. "திருச்சபையை இழிவுபடுத்தும் இந்நூலை அகற்றுக" என்று ஒரு பெரியவர் எழுதினார். "எங்கள் வீட்டுக் கதையை முதன்முதலாக அச்சில் கண்டேன்" என்று ஓர் இளைஞர் எழுதினார். "தொடங்கும்போது சினம் வந்தது, முடிக்கும்போது வெட்கம் வந்தது" என்றார் மூன்றாமவர்.

பெரியவரிடம், "நூலைப் படித்தீர்களா, ஐயா?" என்று வினவினேன். "இல்லை, சாமி, கேள்விப்பட்டேன்" என்றார். 1559-இல் உரோமையில் வெளியிடப்பட்ட தடைநூற்பட்டியலை, 1966-இல் திருச்சபையே சட்ட வலிமையற்றதாக்கிற்று. எதைப் படிக்கலாம், எதை விலக்கலாம் எனத் தெளியும் பொறுப்பு அவரவர் மனச்சாட்சியிடம் உள்ளது. படிக்காத நூலைப் பற்றி மனச்சாட்சி எங்ஙனம் தீர்ப்புக் கூறும்? நூலில் உள்ளது பொய்யாயின் மறுத்து எழுதலாம். மெய்யாயின் திருத்திக்கொள்ள வேண்டியது நூலன்று, நாமே. ஆதலின் நூல் அலமாரியிலேயே இருக்கும் என்றும், அவர் படித்தபின் எழுதுவதை அப்படியே ஏட்டில் காப்போம் என்றும் கூறினேன். அவரும் நூலை எடுத்துச் சென்றுள்ளார். தவணை கடந்துவிட்டது, அபராதம் கேட்கவேண்டாம் என்று நூலகரிடம் சொல்லியிருக்கின்றேன்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் ஒரு நூலை முடித்ததும், "எத்தனை பக்கம் படித்தாய்?" என்று கேளாதீர்கள், "உனக்கு எது பிடித்தது? எதனை நீ ஒப்பவில்லை?" என்று கேளுங்கள். அவர்கள் கருத்து உங்கள் கருத்துக்கு மாறாக இருப்பின், உடனே மறுக்காமல் அந்நூலை வாங்கி நீங்களும் படியுங்கள். பின்னர் பேசுங்கள். ஒரே நூலைப் படித்து இருவேறு கருத்துக் கொண்டவர்கள் ஒரே பாயில் அமர்ந்து உண்ணும் வீடு, நல்ல வீடு.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை